ஆளுக்கு ஒரு கூடை காய்

சிம்மக்கல்,
மதுரை - 1.

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு மாடிப்படி ஏறிவிட்டாய் என்ற இடத்தை இவருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். "அப்போ நீயும் டாக்டரைப் பார்க்க வேண்டியதுதானே" என்று பிடித்துக்கொண்டார். சித்திரை முடியட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். பேத்தி நன்றாக இருக்கிறாள். சின்னவனுக்கு இன்னும் வரன் அமையவில்லை. அவனுக்கு அதில் கவலை இருப்பதாகத் தெரியவில்லை, நான்தான் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறேன். வெயில் மாசியிலேயே மண்டையைப் பிளக்கிறது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். கொங்குச் சமையலைப் பற்றி எழுதுகிறவர்கள் ஆளுக்கொரு மூலையில் இருக்கிறார்கள், எல்லோரையும் ஒன்று சேர்க்க ஆசை, கையில் காசில்லை, சும்மா உழைக்க யாரடி வருவார்கள் என்று கேட்டிருக்கிறாய். வருவார்கள். வரவழைப்பது கஷ்டமே இல்லை. வந்தவர்கள் மூன்றாம் மாதமும் இருக்கிறார்களா என்பதுதான் விஷயம்.

நீ இங்கே இருந்த காலத்தில் பார்த்திருக்க மாட்டாய். இப்போது மீனாட்சி திருக்கல்யாணத்தன்று சேதுபதி பள்ளியில் பெரிய விருந்து நடக்கிறது. கல்யாணம் பார்க்க வந்த சனமெல்லாம் அங்கே சாப்பிட்டு, மொய்யும் எழுதிவிட்டுப் போகும். நீ வந்தால் முதல் நாளே உன்னைக் கூட்டிக்கொண்டு போகிறேன். காய்கறி குவியல் குவியலாகக் கிடக்கும். பெண்கள் வீட்டிலிருந்தே கத்தியும் அரிவாள்மணையும் எடுத்து வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். "விருந்தை நடத்திக் கொடு" என்று கூப்பிட்டிருந்தால் அதில் ஒருத்தி வந்திருப்பாளா? "காய் நறுக்க வா" என்றால் தெருவே வருகிறது. என்ன வேலை, எப்போது எழுந்து போகலாம் என்பது வரும்போதே தெரிந்துவிடுகிறது. கை வலித்தால் கத்தியைத் துடைத்துக்கொண்டு கிளம்பலாம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். மதுரைப் பக்கத்துச் சமையலைச் சேகரித்து எழுதுகிற எங்கள் சாப்பாட்டுக் குழுவை நான் அதைப் பார்த்துத்தான் அமைத்தேன்.

"நானும் உதவுகிறேன், என்ன செய்யட்டும்?" என்று ஒருவர் கேட்டால், "உங்களால் முடிந்ததைச் செய்யுங்கள்" என்று மட்டும் சொல்லிவிடாதே. சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டுக் காணாமல் போய்விடுவார். "இந்த நாலு நிமிஷப் பேச்சைக் கேட்டு எழுதித் தாருங்கள், ஞாயிற்றுக்கிழமைக்குள்" என்று சொல். எழுதித் தருவார். அடுத்த வாரம் தானாகவே இன்னொன்று கேட்பார்.

பேச்சு என்றேன் அல்லவா, எங்கள் வேலையில் பாதி அதுதான். நம் ஊரில் நன்றாகச் சமைக்கிறவர்கள் எழுதுவதில்லை, எழுதுகிறவர்களில் பாதிப் பேர் அடுப்படிப் பக்கம் போவதில்லை. அதனால் சமைக்கிறவர்களை எழுதச் சொல்வதையே விட்டுவிட்டோம். போனில் பேசி அனுப்பச் சொல்கிறோம். உசிலம்பட்டியிலிருந்து ஒரு பாட்டி ஆட்டுக்குடல் குழம்பை அரைமணி நேரம் பேசி அனுப்பினார். அதில் கால்வாசி மருமகளைப் பற்றி. போனே தமிழைக் கேட்டுத் தட்டச்சு செய்துவிடும் என்கிறார்கள், செய்கிறதுதான், ஆனால் "சட்டியை இறக்கு" என்பதைச் "சட்டையை இறக்கு" என்று எழுதி வைக்கிறது. அங்கிட்டு இங்கிட்டு எல்லாம் அதற்குப் பிடிபடவே இல்லை. மனுஷக் காதுதான் வேண்டியிருக்கிறது. கேட்டு எழுதும் வேலைக்கு வீட்டோடு இருக்கிற பெண்களும், ரிட்டயரான ஆசிரியர்களும், வெளிநாட்டில் மகன் வீட்டில் உட்கார்ந்து பொழுது போகாமல் தவிக்கிறவர்களும் நிறைய வருகிறார்கள். கடைசி வகை ஆட்களைத் தேடிப் பிடி. ஊர்ப் பேச்சைக் கேட்க அவர்களுக்கு அவ்வளவு ஆசை.

மதுரையின் பெயரிலேயே இதற்கு ஒரு முன்னோடி இருக்கிறது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம். சுவிட்சர்லாந்திலிருந்து கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, எங்கெங்கோ இருந்த தமிழர்கள் சம்பளமில்லாமல் பழைய இலக்கியங்களைத் தட்டச்சு செய்து கணினியில் ஏற்றினார்கள். ஒருவர் தட்டச்சு செய்ததை இன்னொருவர் மெய்ப்புப் பார்ப்பார். எனக்குப் பிடித்தது அந்த இரண்டாவது ஆளைத்தான். எங்களிடமும் எழுதியவரே சரிபார்ப்பது கிடையாது.

சமையலில் மெய்ப்பு என்றால் தராசு. செல்லூர்ப் பக்கம் சாயங்காலம் பருத்திப்பால் வண்டி போடுகிற ஒரு அக்காவிடம் எங்கள் குழுப் பையன் ஒருவன் போனான். காலேஜ் படிக்கிறான், அவனுக்கு நாங்கள் கொடுத்த வேலை அளப்பது மட்டும். பருத்திக்கொட்டையை ராத்திரி ஊறப்போட்டு, காலையில் அரைத்துத் துணியில் பிழிந்து, சக்கையைத் திரும்ப அரைத்து இன்னொரு முறை பிழிந்து பால் எடுத்து வைத்திருந்தார் அக்கா. கூடவே ஊறவைத்து அரைத்த பச்சரிசி. கருப்பட்டியில் மண் இருக்கும் என்று தனியாகக் காய்ச்சி வடிகட்டினார். அக்கா எதையும் அளப்பதில்லை, எல்லாம் கைதான். இவன் என்ன செய்தான் தெரியுமா, சமையல் தராசில் ஒரு தட்டை வைத்து, அவர் சுக்குப்பொடியை அள்ளும்போதெல்லாம் தட்டில் போடச் சொல்லி, எழுதிக்கொண்டு, பிறகு அண்டாவில் கொட்டினான். "என்ன தம்பி, நகைக்கடை வச்சிருக்கியா?" என்று கேட்டிருக்கிறார். அரிசி மாவு சேர்ந்ததும் பால் கெட்டியாக ஆரம்பிக்கும், அதற்குப் பிறகு கிண்டுவதை நிறுத்தினால் அடிப்பிடிக்கும். அந்த நேரத்திலும் இவன் அக்காவின் கையைத் தடுத்துத் தராசை நீட்டினானாம். நல்ல வேளை, கரண்டியால் ஒன்று போடாமல் விட்டார்.

இந்தத் தராசுப் பைத்தியம் எதற்கு என்று நீ கேட்பாய். உப்பை எடுத்துக்கொள். நம் அம்மாக்கள் போட்டதெல்லாம் கல் உப்பு. ஒரு ஸ்பூன் கல் உப்பில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இடைவெளி கிடக்கும்; அதே ஸ்பூனில் தூள் உப்பு அடைத்துக்கொண்டு நிற்கும், எடை கூடும். பாட்டி சொன்ன "ரெண்டு ஸ்பூன் உப்பை" அப்படியே எழுதிவிட்டால், தூள் உப்பு வைத்திருக்கிறவள் குழம்பைக் கீழே கொட்ட வேண்டியதுதான். டம்ளரும் அப்படியே. அந்த வீட்டு டம்ளர் எத்தனை மில்லி பிடிக்கும் என்று தண்ணீர் ஊற்றிப் பார்க்காமல் ஒரு குறிப்பையும் நாங்கள் வெளியிடுவதில்லை.

எழுதி, அளந்து முடித்த பிறகு மூன்றாவதாக ஒருவர் அதைப் படித்துச் சமைத்துப் பார்க்க வேண்டும். அந்த ஆளுக்கு அந்தப் பதார்த்தம் தெரிந்திருக்கவே கூடாது. வாடிப்பட்டிக்காரர் ஒருவர் அயிரை மீன் குழம்பை அருமையாக எழுதியிருந்தார், "மீனைக் கழுவிக்கொள்ளவும்" என்று ஒரே வார்த்தையில் தாண்டிவிட்டார். அயிரையை உயிரோடு வாங்கி, பால் கலந்த தண்ணீரில் விட்டு மண்ணைக் கக்க வைத்து, அப்புறம் கல் உப்புப் போட்டு மண்சட்டியில் உரசிக் கழுவ வேண்டும் என்பது அவருக்குச் சொல்லாமலே தெரியும். குடல் எடுக்காமல் முழுசாகப் போடுகிற மீன் அல்லவா? சென்னையில் சமைத்துப் பார்த்த பெண் போனைப் போட்டு, "குழம்பு நறநறங்குது, இதுதான் மதுரை ருசியா?" என்றாள். அந்த வரி அன்றைக்கே ஒரு பத்தியாக மாறியது.

எழுதுகிறவர்களில் எல்லோருமே சமையல்காரர்கள், கடை கடையாகச் சாப்பிடுகிறவர்கள் என்று நினைக்காதே. சோழவந்தான் கொடிக்காலில் வேலை செய்கிற ஒருவர் இருக்கிறார். அங்கத்து வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது உனக்குத் தெரிந்திருக்கும். அகத்தியில் கொடி ஏற்றுவதையும், எந்தக் கொழுந்தை எப்போது கிள்ளுவது என்பதையும் அவர் எழுதியதில் நாங்கள் கை வைத்தது ஒற்றுப்பிழையில் மட்டும்தான். எனக்கு அந்தக் குழுவிலேயே பிடித்த எழுத்து அதுதான். இப்படி ஒருவர் உங்கள் பக்கத்தில் மஞ்சள் வேகவைக்கிற இடத்தில் கட்டாயம் இருப்பார்.

வம்பும் வரும். பன் பரோட்டாவை முதன்முதலில் போட்டது யார் என்று ஒரு சண்டை, ஜிகர்தண்டாவுக்கு அதைவிடப் பெரிய சண்டை. ஆதாரம் இல்லாமல் "முதன்முதலில்" என்று எழுதக் கூடாது என்று சொல்லி இரண்டையும் மூடினேன். முள்ளுமுருங்கை வடை எங்கள் சனத்துக்குத்தான் சொந்தம் என்று இரண்டு பக்கமும் கிளம்பினார்கள். யார் வீட்டில், எந்தத் தெருவில், யார் கைச் சமையல் என்று எழுதுங்கள், அதற்கு மேல் உரிமை கொண்டாட வேண்டாம் என்றேன். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு விலகினார்கள். விலகட்டும்.

காசு விஷயத்தில் மட்டும் கொஞ்சமும் இளக்கம் காட்டாதே. ஒரு கடைக்காரர் எங்கள் குழுவுக்கே இலவசமாகக் கறிதோசை போடுகிறேன், வந்து எழுதுங்கள் என்றார். நல்ல மனுஷன்தான், நல்ல தோசைதான். போகவில்லை. தன் காசில் சாப்பிட்டவர் மட்டுமே கடையைப் பற்றி எழுதலாம். அதேபோல அடுத்தவர் எழுத்தையும் படத்தையும் எடுத்துப் போடுவதும் கூடாது. முட்டையும் கொத்துக்கறியும் போட்டால் கறிதோசை என்பது யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் அதை ஒருவர் எழுதிய வாசகமும் எடுத்த படமும் அவருடையது, 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் காப்பதும் அதைத்தான். சட்டம் கிடக்கட்டும், பேசிக் கொடுத்த பாட்டியின் பெயரை அவர் சம்மதித்தால் முதலில் போடுகிறோம், கேட்டு எழுதியவரின் பெயரை அடுத்ததாக. தராசு பிடித்த பையன் பெயரும் உண்டு. சும்மா உழைக்கிறவர்களுக்கு நம்மால் கொடுக்க முடிந்த கூலி அது ஒன்றுதான், அதையும் மறந்தால் எப்படி?

பங்குனி வந்தால் மாணவர்கள் பரீட்சைக்குப் போய்விடுவார்கள். ஆடியில் பாதிப் பேர் குலதெய்வக் கோயில். அப்போது குறைவாக வெளியிடு, போன் போட்டு நச்சரிக்காதே. எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொள்கிற ஒருத்தி எந்தக் குழுவிலும் இருப்பாள். உன் குழுவில் அது நீயாகத்தான் இருப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா? ஆள் சேர்க்கிற வேலையையும் வேலை பிரித்துக் கொடுக்கிற வேலையையும் வேறு வேறு ஆளிடம் கொடு, மாதத்துக்கு ஒரு முறை மாற்று.

முதல் வேலையாக உன் மாமியாரிடம் போனைக் கொடுத்து அரிசியும் பருப்பும் சாதத்தைப் பேசச் சொல்லி எனக்கு அனுப்பு. பக்கத்தில் நின்று நீ திருத்தாதே. அவர் அரிசி அளக்கிற டம்ளரில் தண்ணீர் ஊற்றி அளவையும் எழுதி வை. நம்மிடம் ஒரு பெண் இருக்கிறாள், மேலூர்க்காரி, கோயம்புத்தூர் எந்தத் திசை என்றே தெரியாது. அவளைச் சமைத்துப் பார்க்கச் சொல்கிறேன். என்னென்ன கேள்வி கேட்டாள் என்று அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல். படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்தே இறங்கு.

அன்புடன்,
மீனா