நஜ்டார்ஃபை விட்டுவிடாதே

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய சதுரங்க ஸ்கோர்ஷீட்டை, அதாவது நகர்த்தல்களைக் குறித்த தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த ஆட்டத்தைப் பலகையில் ஆடிப் பார்த்தேன். தோற்றதில் எனக்கும் வருத்தம்தான். ஆனால் தாளின் அடியில் “இனி நஜ்டார்ஃப் ஆடப்போவதில்லை” என்று, கறுப்புக் காய்களுக்கான அந்தத் தற்காப்பையே விடுவதாக எழுதியிருக்கிறாயே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

11-வது நகர்த்தலில் உன் எதிராளி ஈ6 கட்டத்தில் குதிரையைப் பலி கொடுத்தார். நீ சிப்பாயால் வெட்டினாய். ராணி எச்5-க்கு வந்து செக் வைத்தது, உன் ராஜா எஃப்8-க்கு ஒதுங்கியது, பிறகு வெள்ளை பிஷப் சத்தமில்லாமல் பி5-ல் வந்து உட்கார்ந்தது. இதெல்லாம் 1955-ல் கோதன்பர்க்கில் நடந்த இன்டர்சோனல் என்ற உலகப் பட்டத் தகுதிப் போட்டியில் அச்சு அசலாக நடந்திருக்கிறது. நஜ்டார்ஃப், பன்னோ, பில்னிக் என்ற மூன்று அர்ஜென்டினா வீரர்கள், ஒரே சுற்றில், மூன்று சோவியத் வீரர்களுக்கு எதிராக இதே வழியில் இறங்கினார்கள். கெல்லர் முதலில் பிஷப்பை பி5-ல் வைத்தார். கெரஸும் ஸ்பாஸ்கியும் அதையே ஆடினார்கள். மூன்று பலகையிலும் கறுப்பு தோற்றது. தன் பெயர் தாங்கிய தற்காப்பிலேயே நஜ்டார்ஃப் விழுந்தார்! நீ குதிரையை ஈ5-க்குக் கொண்டுபோனாய் அல்லவா? அவரும் பன்னோவும் செய்தது அதுதான்.

இப்போது அந்த நிலையைக் கொஞ்சம் நிதானமாகப் பார். எஃப் வரிசையில் ஒரு சிப்பாய்கூட இல்லை. வெள்ளை கேஸ்லிங் செய்தாலே, அதாவது ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றினாலே, யானையின் செக் விழும், அடுத்து ராணி எஃப்7-ல் புகப் பார்க்கும். உயிர்நிலை அந்த எஃப்7 கட்டம். 1958-ல் போர்டோரோஸ் இன்டர்சோனலின் கடைசிச் சுற்றில், கிளிகோரிச்சுக்கு எதிராக, 15 வயது பாபி ஃபிஷர் கறுப்புக் காய்களோடு வேண்டுமென்றே இந்த நிலைக்கு வந்தான். குதிரையைத் தொடவில்லை. மூலையில் கிடந்த யானையை ஒரே ஒரு கட்டம் நகர்த்தி எச்7-ல் வைத்தான். நடுவில் ஜி7 கட்டம் காலியாக இருந்ததால் யானை பக்கவாட்டில் எஃப்7-ஐக் காத்தது. ஆட்டம் டிரா. அந்த அரைப் புள்ளியோடு, உலக சாம்பியனுக்குச் சவால் விடுபவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டிக்கும் தகுதி பெற்றான். எவ்வளவு அழகான நகர்த்தல், பார்த்தாயா!

ஆகவே குற்றம் தற்காப்பின் மேல் இல்லை, கண்ணு. நீ மனப்பாடம் செய்திருந்த நகர்த்தல்கள் முடிந்த இடத்தில்தான் சறுக்கினாய். தாள் ஓரத்தில் குறித்திருக்கும் நேரத்தைப் பார்த்தால், உன்னிடம் யோசிக்க அவகாசம் தாராளமாக இருந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை இணையத்தில் ஆடலாம். நீ கறுப்பு எடுத்துக்கொள். நான் பிஷப் பி5 வரை இதே நகர்த்தல்களை ஆடுகிறேன், அங்கிருந்து நீ யானை எச்7 ஆடு. அதற்குப் பிறகு வெள்ளைக்கு என்ன மிச்சமிருக்கிறது என்று இருவருமாகத் தேடுவோம்.

அன்புடன்,
அப்பா