யாகுஷிமாவுக்குப் புகைப்படக் குழு அழைத்துச் செல்வோருக்கு ஒரு திறந்த மடல்

பயண ஏற்பாட்டாளர்களுக்கும் புகைப்படச் சங்கத்தாருக்கும் வணக்கம்.

ஜப்பானில், கியூஷுவுக்குத் தெற்கே இருக்கும் யாகுஷிமா தீவுக்கு நீங்கள் போடும் திட்டங்கள் அநேகமாக ஒன்றுபோலவே இருக்கின்றன. முதல் நாள் ககோஷிமாவிலிருந்து படகு, மறுநாள் ஜோமோன் சுகி என்ற மிகப் பழைய சுகி (ஜப்பானிய ஊசியிலை வகை) மரம், மூன்றாம் நாள் திரும்புதல். கேமராவோடு வருகிறவர்களை இப்படி அழைத்துப் போகாதீர்கள். குறைந்தது ஐந்து நாள் ஒதுக்குங்கள். காட்டை மெதுவாக நடந்தும், கரையைச் சைக்கிளிலும் பார்க்க விடுங்கள். கடல் கொந்தளித்தால் அதிவேகப் படகு ஓடாது என்பதால், அந்த ஐந்தில் ஒரு நாள் கையிருப்பாக இருக்கட்டும்.

ஜோமோன் சுகிக்கு அரகாவா நுழைவிடத்திலிருந்து போய்வர 22 கிலோமீட்டர், சுமார் 10 மணி நேரம். மார்ச் முதல் நவம்பர் வரை அந்த நுழைவிடத்துக்குப் போகும் சாலையில் சொந்த வண்டிக்கு அனுமதி இல்லை. விடியற்காலைப் பேருந்தில் போய், மாலையில் கடைசிப் பேருந்துக்குள் இறங்கியாக வேண்டும். ஒருவழிக்கு எட்டுக் கிலோமீட்டர் அளவுக்குப் பழைய மரம் ஏற்றும் ரயில் தடம்தான் பாதை. மரம் 25.3 மீட்டர் உயரம், 16.4 மீட்டர் சுற்றளவு. வேர்கள் மிதிபடாதிருக்க மேடை கட்டியிருக்கிறார்கள்; எல்லோரும் அங்கிருந்துதான் எடுக்க வேண்டும். ஆளுக்கு ஒரே கோணம், கிடைப்பதோ சில நிமிடம். நடைக்காகப் போகிறவர்கள் தாராளமாகப் போகட்டும். படத்துக்கு வேறு இடம் இருக்கிறது.

ஷிராதானி உன்சுய்கியோ பள்ளத்தாக்குக்கு ஒரு முழு நாள் கொடுங்கள், அதுவும் மழை நாளாகப் பார்த்து. கரையோரத்திலேயே ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் தீவு இது. மலையில் அதைப்போல் இரு மடங்கு. வெயில் அடித்தால் இலைகளுக்கு நடுவே வெள்ளைத் திட்டுகள் விழுந்து பாசியின் பச்சை சிதறிப்போகும். மேகமும் தூறலும்தான் சரியான ஒளி. போலரைசர் ஃபில்டரை ஈர இலைகளைப் பார்த்தபடி திருப்பினால் பளபளப்பு அடங்கி, நிறம் எழும். அதற்கு ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சம் செலவாகும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி). ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 400, எஃப்/8 (லென்ஸ் துளை அளவு) வைத்தால் ஷட்டர் ஒரு வினாடியைத் தொடும். ஓடைக்கு அது போதும். பெரணி இலைமேல் சொட்டு விழுந்து அது ஆடினால் படம் கலங்கிவிடும். அப்போது ஃபில்டரைக் கழற்றி, எஃப்/5.6, ஐஎஸ்ஓ 3200 வைத்து 1/60 வினாடிக்கு வாருங்கள். வானம் படச் சட்டத்துக்குள் எட்டிப்பார்க்க விடாதீர்கள்.

நீண்டு சுருங்கும் ஜூம் லென்ஸ் ஒவ்வொரு இழுப்பிலும் ஈரக் காற்றை உள்ளே உறிஞ்சும். மழையில் குவியத்தூரம் மாறாத, ஜூம் இல்லாத லென்ஸே பத்திரம். குளிரூட்டிய அறையிலிருந்து கேமராவை நேரே வெளியே எடுத்தால் கண்ணாடியில் பனி பூத்துவிடும். இறுக மூடிய பிளாஸ்டிக் பைக்குள்ளேயே அரை மணி நேரம் இருக்கட்டும். டிரைபாடுக்குக் கூர்முனை வேண்டாம், ரப்பர் அடி போடச் சொல்லுங்கள். கூர்முனை பாசியைப் பிய்க்கும், மரப்பாலத்தைக் குத்தும்.

ஷிராதானியில் உற்றுப் பார்க்க வேண்டியவை அடிக்கட்டைகள். எடோ காலத்தில் (1603–1868) கூரையில் ஓடுபோல் வேய மெல்லியதாகப் பிளந்த பலகைகளுக்காக வெட்டப்பட்ட சுகி மரங்கள் அவை. அடி பருத்து முறுக்கியிருப்பதால் ஆள் உயரத்துக்கு மேலே வைத்தே வெட்டினார்கள். கருங்கல்மேல் மெல்லிய மண்ணில் மெதுவாக வளர்ந்த மரம் என்பதால் பிசின் மிகுதி; நூற்றாண்டுகள் கடந்தும் கட்டை மக்கவில்லை. அதன் தலையில் விதை விழுந்து அடுத்த மரம் எழுந்து, வேர்கள் பழைய கட்டையைப் பற்றி இறங்குவதை அருகில் போய்ப் பார்க்கலாம். கோடாரி பட்ட காடு இது என்று உங்கள் குழுவுக்குச் சொல்லுங்கள். 'கன்னிக்காடு' என்று விளம்பரம் செய்வது தவறு.

தீவைச் சுற்றும் சாலை ஏறத்தாழ 100 கிலோமீட்டர். அதை இரண்டு நாளாகப் பிரியுங்கள். ஜப்பானில் வண்டிகள் இடப்பக்கம் போவதால், கடிகாரச் சுற்றில் மிதித்தால் கடல் எப்போதும் நம் பக்கம். படமெடுக்க நிற்கச் சாலையைக் கடக்க வேண்டாம். மியானோவுராவில் தொடங்கி அன்போ, ஹிராவுச்சி வழியாகக் குரியோவில் தங்கலாம். அங்கே தண்ணீரும் சாப்பாடும் நிரப்பிக்கொள்ளுங்கள், நகாதா வரும்வரை கடை கிடையாது. இடையில் வரும் மேற்குக் காட்டுச்சாலை குறுகலானது, நிழல் வளைவுகளில் பாசி வழுக்கும், குரங்குகள் நடுச்சாலையில் அமர்ந்து பேன் பார்த்துக்கொண்டிருக்கும். இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள், உணவு காட்டாதீர்கள். மியானோவுராவிலிருந்து ஷிராதானிக்குச் சைக்கிளில் போனால் 12 கிலோமீட்டரில் 600 மீட்டர் ஏற்றம். கஷ்டம் இறக்கத்தில்தான், சக்கர விளிம்பைப் பிடிக்கும் ரிம் பிரேக் நனைந்தால் முதல் சில சுற்றுகளுக்குப் பிடிக்காது. வாடகைக்கு எடுக்கும்போது டிஸ்க் பிரேக் கேளுங்கள். கேமராவைக் கேரியரில் கட்டினால் அதிர்வில் லென்ஸின் திருகுகள் தளரும், முதுகுப்பையே நல்லது.

மலைப்பாதைகளில் கையடக்கக் கழிப்பறைப் பையை ஒவ்வொருவரும் வைத்திருக்க வேண்டும். ஒரு நாள் மலையேற்றத்துக்கு 1,000 யென் சுற்றுச்சூழல் நன்கொடை கேட்கிறார்கள். அதைக் கட்டணத்திலேயே சேர்த்துவிடுங்கள். நகாதா கடற்கரையில் மே முதல் ஆமைகள் முட்டையிட ஏறும், இரவில் டார்ச்சும் ஃபிளாஷும் கூடாது. ஹிராவுச்சியில் கடலோர வெந்நீர் ஊற்று, நீர் வற்றும் நேரத்துக்கு இரண்டு மணி முன்னும் பின்னும் மட்டுமே வெளிப்படும். ஊர்மக்கள் ஆடையின்றிக் குளிக்கும் இடம் அது. அங்கே கேமரா பைக்குள்ளேயே இருக்க வேண்டும். இதை விமானம் ஏறும் முன்பே குழுவுக்கு எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
காடுகளில் படமெடுக்கும் நண்பர்கள்