கவினுக்கு நாமினேஷன்: செல்வி அக்காவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள செல்வி அக்காவுக்கு,

அமெரிக்க ராணுவ அகாடமியான வெஸ்ட் பாயின்டில் சேர, கவினுக்கு நாமினேஷன் (சேரத் தேவையான பெயர் முன்மொழிவு) வாங்க யாரைப் பிடிப்பது என்று கேட்டிருந்தீர்கள். யாரையும் பிடிக்க வேண்டாம். இது நம்மூர் எம்.எல்.ஏ. சிபாரிசுக் கடிதம் இல்லை. விண்ணப்பம், நேர்காணல் எல்லாம் உள்ள தனிப் போட்டி.

உங்கள் தொகுதியின் அமெரிக்க காங்கிரஸ் (நாடாளுமன்ற) உறுப்பினர், மாநிலத்தின் இரண்டு செனட்டர்கள், துணை ஜனாதிபதி என நான்கு இடத்திலும் தனித்தனியாக விண்ணப்பிக்கட்டும். ஒரு உறுப்பினரின் கணக்கில் ஒரு அகாடமியில் ஒரே சமயத்தில் 5 பேர்தான் இருக்க முடியும். அதனால் ஒருவரை மட்டும் நம்புவது ஆபத்து. அகாடமிக்கான விண்ணப்பம் வேறு, இது வேறு. நாமினேஷன் கிடைத்தும் சீட் கிடைக்காமல் போவது சகஜம்.

பதினோராம் வகுப்பு முடியும் முன்பே வேலையைத் தொடங்க வேண்டும். கடைசித் தேதி அலுவலகத்துக்கு அலுவலகம் மாறும். பல இடங்களில் செப்டம்பர், அக்டோபரிலேயே கதவு சாத்திவிடுவார்கள். பெரும்பாலும் கோட்டை விடுவது ஆசிரியர் கடிதத்தில்தான். பையன் எல்லாம் அனுப்பியிருப்பான், கணக்கு டீச்சர் கடிதம் வந்திருக்காது. கோப்பு முழுமையாகாவிட்டால் நேர்காணலுக்கே கூப்பிட மாட்டார்கள். கோடை விடுமுறைக்கு முன்பே கேட்டு வைக்கச் சொல்லுங்கள்.

உங்களிடம் க்ரீன் கார்டுதான் இருக்கிறது என்ற கவலை வேண்டாம். கவின் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமகன், அதுதான் கணக்கு. சேரும் வருடம் ஜூலை 1 அன்று 17 வயது ஆகியிருக்க வேண்டும், 23 தாண்டியிருக்கக் கூடாது.

மருத்துவப் பரிசோதனையைக் கவனிப்பது டாட்மெர்ப் என்ற பாதுகாப்புத் துறை மருத்துவ வாரியம். 13 வயதுக்குப் பிறகு ஆஸ்துமா என்று டாக்டர் குறிப்பில் இருந்தால் முதலில் தகுதியின்மை என்றே வரும். சளிக்காக எழுதிக்கொடுத்த இன்ஹேலர்கூடக் கேள்வியைக் கிளப்பும். மறைக்கவே கூடாது, பழைய குறிப்புகளை இப்போதே வாங்கி வையுங்கள். விலக்கு தருவது அகாடமி எடுக்கும் முடிவு.

நேர்காணலில் பெரும்பாலும் முன்னாள் ராணுவத்தினர் இருப்பார்கள். “இந்த வருடம் கிடைக்காவிட்டால்?” என்று கேட்டால் ஆர்.ஓ.டி.சி. (கல்லூரியில் படித்தபடியே ராணுவ அதிகாரிப் பயிற்சி), அடுத்த வருடம் மறுபடி முயற்சி என்று தெளிவாகச் சொல்லட்டும். படிப்பு முடிந்து குறைந்தது 5 வருடம் ராணுவப் பணி என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அலுவலகத்துக்கு நீங்கள் போன் செய்யாதீர்கள் அக்கா, அவனே பேசட்டும். பள்ளி மின்னஞ்சலும் வேண்டாம், வெளிக் கடிதங்களை அது தடுத்துவிடக்கூடும்.

அன்புடன்,
தம்பி