ஐரோப்பா போக ஒரு நாடு போதும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு பதிப்பில் வரும் ஐரோப்பியச் சுற்றுலா விளம்பரங்களைப் பார்த்து மனம் பொறுக்காமல் எழுதுகிறேன். பத்து நாளில் ஆறு நாடு என்கிறார்கள். எங்கள் சுங்கை சிப்புட்டில், தோட்டத்தில் உழைத்துச் சேர்த்த ஊழியர் சேமநிதிப் பணத்தில் அப்படிப் போய்வந்தவர்கள் உண்டு. என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், விடியுமுன் பெட்டி கட்டியதையும் பேருந்தில் தூங்கியதையும்தான் சொல்கிறார்கள்.

நானும் அக்காவும் போர்ச்சுகலுக்கு மட்டும் போவதாக முடிவு செய்திருக்கிறோம். மலேசியக் கடப்பிதழ் உள்ளவர்கள், போர்ச்சுகலும் சேர்ந்த ஷெங்கன் என்ற ஐரோப்பிய நாடுகளின் கூட்டு எல்லைக்குள் 180 நாளுக்குள் 90 நாள் வரை விசா இல்லாமல் தங்கலாம். ஜூலை, ஆகஸ்ட் வெயிலும் கூட்டமும் எங்கள் வயதுக்கு ஆகாது. செப்டம்பர் கடைசியில் புறப்படுகிறோம்.

தலைநகர் லிஸ்பனில் ஒரே விடுதி. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைய வேண்டியதில்லை. ரோசியோ நிலையத்தில் ரயில் ஏறினால் சுமார் 40 நிமிடத்தில் சிந்த்ரா மலையூர், அரண்மனைகள். காய்ஸ் டோ சொத்ரே நிலையத்தில் ஏறினால் ஏறக்குறைய அதே நேரத்தில் கஸ்காய்ஸ் கடற்கரை. ஆற்றையும் கடலையும் பார்த்துக்கொண்டே போகலாம்.

ஆனால் நான் முதலில் போக நினைப்பது லிஸ்பனின் ஆற்றங்கரைப் பகுதியான பெலேம். வாஸ்கோ ட காமா 1497இல் கப்பலேறிய இடம் அது. மறு ஆண்டு கோழிக்கோடு வந்தார். 1511இல் போர்ச்சுகீசியத் தளபதி அல்புகெர்க் மலாக்காவைப் பிடித்தார். தமிழ்ப்பள்ளியில் வரலாறு நடத்தி, பிள்ளைகளை அழைத்துப்போய் மலாக்காவில் போர்ச்சுகீசியர் கட்டிய ஆ ஃபமோசா கோட்டையின் வாசலைத் தொட்டுக் காட்டியவள் நான். அந்தக் கதையின் மறு முனையையும் கண்ணால் பார்த்துவிட வேண்டும். பெலேமில் உள்ள ஜெரோனிமோஸ் மடத்துத் தேவாலயத்தில் ட காமாவின் கல்லறையும் இருக்கிறது.

அங்கே படித்த அண்ணன் மகள் சொன்னவை எந்த விளம்பரத்திலும் இல்லை. லிஸ்பன் நடைபாதை முழுக்கச் சின்னச் சின்னச் சுண்ணாம்புக்கல் பதித்தது. ஏற்ற இறக்கம் அதிகம், மழை பெய்தால் வழுக்கும். முட்டிவலிக்காரர்கள் நல்ல பிடிப்புள்ள சப்பாத்து போட்டுக்கொள்ள வேண்டும். உணவகத்தில் உட்கார்ந்ததும் ரொட்டி, ஒலிவக்காய், பாலாடைக்கட்டி எல்லாம் கேட்காமலே மேசைக்கு வரும். இலவசமல்ல. தொட்டால் கணக்கில் சேரும். வேண்டாமென்றால் எடுத்துப்போகச் சொல்லலாம். கல்தோ வெர்தே என்ற கீரைச் சூப்பைச் சைவம் என்று நம்பிவிடக் கூடாது, பன்றி இறைச்சித் துண்டு மிதக்கும். அட்லாண்டிக் தண்ணீர் கோடையிலும் சில்லென்றிருக்குமாம். பேருக்குக் கால் நனைக்கலாம்.

நம் மக்களில் பலர் வாழ்நாளில் ஒரே முறைதான் அவ்வளவு தூரம் போகிறார்கள். ஆகவே, பயணப் பக்கத்தில் முகவர்களின் விளம்பரத்தோடு, ஓர் ஊரில் தங்கிப் பார்த்து வந்த வாசகர்களின் அனுபவத்தையும் வெளியிடுங்கள்: எங்கே ரயில் ஏறினார்கள், படி எத்தனை, சைவம் எங்கே கிடைத்தது, கையைவிட்டு எவ்வளவு போனது. நாங்கள் திரும்பியதும் எங்கள் செலவுக் கணக்கை நானே எழுதி அனுப்புகிறேன்.

ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
சுங்கை சிப்புட், பேராக்.