சந்தேகப்படாத சோதனை

அன்புள்ள வசந்தா,

உன் கடிதத்தை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. ஆனால் ஓய்வெடுக்கச் சொன்ன மருத்துவரின் பேச்சைக் காற்றில் விட்டுவிட்டு, நீ தீர்ப்பு நகல்களோடு உட்கார்ந்திருக்கிறாய் என்பது இரண்டாம் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. முன்னறிவிப்பில்லாத போதை, மதுச் சோதனையை எதிர்த்துக் கனடா அணுமின் தொழிலாளர்கள் போட்ட வழக்கைப் பற்றி எப்படிக் கொதித்திருக்கிறாய்! விடுதிக் கட்டணத்துக்காக வார்டனோடு மல்லுக்கு நின்ற அதே வசந்தாதான்.

“குப்பியில் சிறுநீர் பிடித்துக் கொடுத்துவிட்டு நீயும் இத்தனை ஆண்டுகளாக வாயை மூடிக்கொண்டு வேலை பார்க்கிறாயே” என்று கேட்டிருக்கிறாய். வாயை மூடிக்கொண்டு இல்லை. யோசித்துத்தான் பார்க்கிறேன்.

உன் வாதத்தின் சட்ட அடிப்படை எனக்குப் புரிகிறது. ஒரு காகித ஆலையில் குடிப்பழக்கம் பெரும் பிரச்சினையாக இருக்கிறது என்று போதிய ஆதாரம் காட்டாமல் யாரை வேண்டுமானாலும் திடீரென ஊதச் சொல்ல முடியாது என்று 2013இல் கனடா உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்படியிருக்க, முக்கியமான பாதுகாப்புப் பணிகளில் இருப்பவர்களில் ஆண்டுக்கு 25 சதவீதம் பேரை முன்னறிவிப்பின்றிச் சோதிக்க வேண்டும் என்று அணுசக்தி ஆணையம் 2021இல் விதித்தது எப்படிச் செல்லும் என்கிறாய். 2023இல் கூட்டாட்சி நீதிமன்றமும் 2024இல் அதன் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தொழிற்சங்கங்களின் வாதத்தை ஏற்கவில்லை. நீதிபதிகளோடு சண்டை போடுவது உன் தொழில். நான் அமெரிக்காவில், ஓர் அணுமின் நிலைய வேலியின் உள்ளே இருந்து பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

இங்கே இது 1990 ஜனவரியிலிருந்தே நடைமுறையில் இருக்கிறது. முதலில் ஆண்டுக்கு ஊழியர் எண்ணிக்கைக்குச் சமமான அளவு சோதனைகள். 1994 முதல் அதில் பாதி. நூறு பேர் இருந்தால் ஐம்பது சோதனை என்று அர்த்தமே தவிர, ஐம்பது பேர் என்று அர்த்தமில்லை. கணினி குலுக்கல் முறையில் பெயர்களை எடுக்கும். இன்று கொடுத்தவரின் பெயர் உடனே மறுபடியும் பட்டியலுக்குள் போய்விடும். “போன வாரம்தானே கொடுத்தேன், இனி கவலையில்லை” என்று யாரும் இருந்துவிடக் கூடாதே. வார இறுதி, பண்டிகை நாள், நள்ளிரவு ஷிஃப்ட் எதுவும் விலக்கில்லை. காவல் வளையத்துக்குள் துணையின்றிப் போக அனுமதி பெற்ற எல்லாருக்கும் இது உண்டு: ரியாக்டரை இயக்குபவர், பெயின்ட் அடிக்க வந்த ஒப்பந்தத் தொழிலாளி, நிலையத்தின் தலைமை அதிகாரி, எல்லாரும்தான். மாதிரி சேகரிப்பவரும் தன் முறை வந்தால் கொடுத்தாக வேண்டும்.

நடப்பதை அப்படியே சொல்கிறேன், முகம் சுளிக்காதே. மேலங்கியைக் கழற்றி வைத்து, பைகளை வெளியே எடுத்துக் காட்ட வேண்டும். கையைக் கழுவிய பிறகு குழாய்த் தண்ணீர் கிடைக்காதபடி செய்துவிடுவார்கள். கழிப்பறைத் தொட்டியின் நீர் நீலமாக இருக்கும். அதை அள்ளி மாதிரியில் கலந்துவிடக் கூடாது என்பதற்காக. உள்ளே தனியாகத்தான் போகிறோம், யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. வெளியே வந்ததும் குப்பியில் ஒட்டியிருக்கும் வெப்பநிலைப் பட்டையை நான்கு நிமிடங்களுக்குள் பார்த்தாக வேண்டும். 32 முதல் 38 டிகிரிக்குள் இல்லையென்றால் விவகாரம் வேறு. உடனே இன்னொரு மாதிரி கொடுக்க வேண்டும், அப்போது ஒருவர் பக்கத்திலேயே நின்று பார்ப்பார். பிறகு நம் கண்ணெதிரிலேயே முத்திரைப் பட்டை ஒட்டி, அதன் மேல் நம் சுருக்கொப்பத்தை வாங்கிக்கொள்வார்கள். என் மாதிரி என் பார்வையை விட்டு விலகும் முன்பே மூடப்பட்டுவிடுகிறது என்பதில், உன்னைப் போன்ற ஒரு வக்கீலின் கை எங்கோ இருந்திருக்க வேண்டும்.

மாதிரியில் போதைப்பொருள் ‘இருக்கிறது’ என்று ஆய்வகம் சொன்னதுமே வேலை போய்விடுவதில்லை. நடுவில் ஒரு மருத்துவ அலுவலர் ஊழியரோடு பேசி, மருந்துச் சீட்டு உண்டா என்று பார்க்கிறார். கசகசா தின்றாலும் சிறுநீரில் மார்பின் என்ற அபின் வகைப் பொருள் தென்படும் என்பதால் அந்த வகைக்கான வரம்பையே ஒரு காலத்தில் உயர்த்தினார்கள். உறுதியானால் முதல் முறை குறைந்தது 14 நாள் வெளியே. இரண்டாம் முறை ஐந்தாண்டு. சோதனையை ஏமாற்ற முயன்று பிடிபட்டால் முதல் முறையிலேயே நிரந்தரமாகக் கதவு அடைபடும். கடையில் செயற்கைச் சிறுநீர் வாங்கி, உடலோடு ஒட்டிச் சூடாக வைத்துக்கொண்டு வருபவர்கள் உண்டு, நம்புவாயா? அந்தச் சாமர்த்தியத்தை வேலையில் காட்டியிருக்கலாம்.

இனி என் கட்சிக்கு வருகிறேன். ஆதாரம் இருந்தால் மட்டும் சோதிக்கட்டும் என்கிறாய். கேட்க நியாயமாக இருக்கிறது. அந்த ஆதாரத்தை யார் தருவது? பக்கத்தில் வேலை செய்பவர். இங்கே அதுவும் விதியில் இருக்கிறது. சக ஊழியரின் நடையில், பேச்சில் மாற்றம் கண்டால் சொல்ல வேண்டும் என்று எங்கள் எல்லாருக்கும் பயிற்சி உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், பம்ப் பழுது பார்க்கும் குழுவில் ஒருவருக்கு மதிய வேளையில் கை நடுங்கியது, நாக்கு குழறியது. மேற்பார்வையாளர் நடைமுறைப்படி அவரைச் சோதனைக்கு அழைத்துப் போனார். ஊதினால் பூஜ்யம். இரத்தத்தில் சர்க்கரை குறைந்திருந்தது, அவ்வளவுதான். மறுநாள் அவர் வேலைக்கு வந்தார். சாப்பாட்டு மேசையில் அவர் உட்கார்ந்ததும் பேச்சு நின்றது. யாரும் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை, ஆனாலும் அந்த வருடக் கடைசியில் அவரே வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விட்டார்.

கணினி என் பெயரை எடுக்கும்போது யாரும் என்னைப் பற்றி எதையும் நினைப்பதில்லை. “உன் முறையா, போய் வா” என்பதோடு சரி. நீ அவமானம் என்று சொல்வது சந்தேகத்தின் பேரில் நடக்கும் சோதனையில்தான் இருக்கிறது. சந்தேகம் மட்டுமே அளவுகோலாகிவிட்டால் முதலில் யார் மாட்டுவார்கள் என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா? நிறம், உச்சரிப்பு, மேலதிகாரியோடு பழைய மனத்தாங்கல் இவையெல்லாம் குலுக்கலுக்குத் தெரியாது.

கஞ்சா விஷயத்தில் மட்டும் நான் முழுக்க உன் பக்கம். ஊதும் சோதனை இந்த நிமிடத்தைக் காட்டுகிறது. இரத்தத்தில் மதுவின் அளவுக்கு வரம்பு 0.04 சதவீதம், வேலையில் ஒரு மணி நேரம் கழிந்திருந்தால் 0.03, இரண்டு மணி நேரமானால் 0.02. உள்ளே நுழையும்போது இதைவிட அதிகமாக இருந்திருக்கும் என்ற கணக்கு அது. சிறுநீரில் கஞ்சாவோ வேறு கதை. தொடர்ந்து புகைப்பவருக்கு மயக்கம் தெளிந்து வாரக்கணக்கான பின்னும் அது தென்படலாம். கொலராடோவில் 2012இலும் கனடாவில் 2018இலும் சட்டம் அனுமதித்த ஒன்றுக்காக, வேலையில் தெளிவாக இருந்தவர் வெளியேற வேண்டியிருக்கிறது. உமிழ்நீர்ச் சோதனைக்கு அந்தக் கால இடைவெளி குறைவு. போராடுவதானால் அங்கே போராடு. முதல் கையெழுத்து என்னுடையது.

இன்னொன்றையும் உன் வாதத்தில் சேர்த்துக்கொள். 1987 மார்ச்சில் பென்சில்வேனியாவின் பீச் பாட்டம் அணுமின் நிலையத்தை அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் மூடச் சொன்னது போதையால் அல்ல. கட்டுப்பாட்டு அறையில் ரியாக்டரை இயக்குபவர்கள் தூங்கியதால். தூக்கத்தை எந்தக் குப்பியும் பிடிக்காது. ஏழு நாளில் 72 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று சோதனை விதிகளோடு சேர்த்து எழுத 2008 வரை ஆயிற்று. தொழிலாளியின் உடம்புக்குள் எட்டிப் பார்க்கக் காட்டிய அவசரத்தை வேலை அட்டவணையைப் பார்ப்பதில் காட்டவில்லை என்று நீ எழுதினால் மறுக்க மாட்டேன்.

பேத்திக்குப் பல் முளைத்துவிட்டது. மகள் படம் அனுப்புவாள். அடுத்த மாதம் இங்கே எரிபொருள் மாற்றும் வேலை தொடங்குகிறது. நூற்றுக்கணக்கான ஒப்பந்தத் தொழிலாளர்கள் வந்து இறங்குவார்கள், மூச்சுவிட நேரமிருக்காது. என் பதில் தாமதமானால் கோபித்துக்கொள்ளாதே. மேல்முறையீட்டுத் தீர்ப்பில் உன்னை மிகவும் எரிச்சலூட்டிய பத்தி எது என்று மட்டும் எழுது. வேலை முடிந்ததும் உட்கார்ந்து படிக்கிறேன்.

அன்புடன்,
கோமதி