அம்மம்மாவோடு ஏன் விடவில்லை?

அன்பார்ந்த பெற்றோருக்கு வணக்கம்.

செப்ரெம்பர் 30 கனடாவில் செம்மஞ்சள் சட்டை நாள். அதற்கு முந்திய சனிக்கிழமை நம் தமிழ் வகுப்புகளுக்கும் பிள்ளைகள் செம்மஞ்சள் சட்டை அணிந்து வரலாம். புதிதாக வாங்க வேண்டாம், அந்த நிறத்தில் ஒரு நாடா குத்தினாலும் போதும்.

போன வாரம் ஐந்தாம் வகுப்பில் அந்தச் சட்டையின் கதையைச் சொன்னோம். 1973இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஆறு வயதுச் சிறுமி பிலிஸ் வெப்ஸ்டாட் பள்ளிக்குப் போவதற்காக அவருடைய அம்மம்மா ஒரு செம்மஞ்சள் சட்டை வாங்கிக் கொடுத்தார். பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்துத் தங்கவைத்த வதிவிடப் பள்ளியில் முதல் நாளே அதைக் கழற்றி எடுத்துவிட்டார்கள். திருப்பிக் கொடுக்கவேயில்லை. கதை முடிந்ததும் ஒரு மாணவி, "ஏன் அவவை அம்மம்மாவோடயே விடேல்லை?" என்று கேட்டாள்.

சட்டம் இந்தக் கேள்விக்கு மிகவும் பிந்தித்தான் பதில் சொன்னது. வதிவிடப் பள்ளிகள் மூடப்பட்ட பிறகும் பிள்ளைகளைப் பிரிப்பது நிற்கவில்லை. 2021 குடிசனக் கணக்கெடுப்பில், கனடாவில் 15 வயதுக்குட்பட்டவர்களில் பூர்வகுடியினர் 7.7 வீதம். வளர்ப்புக் குடும்பங்களில் இருந்த பிள்ளைகளிலோ 53.8 வீதம். இந்த எண்ணை வாசித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போக என்னால் முடியவில்லை.

2020 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள மத்திய அரசின் சட்டப்படி, வறுமையையோ வீட்டு வசதிக் குறைவையோ மட்டும் காட்டிப் பூர்வகுடிப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது. பிள்ளையை யாரிடம் விடுவது என்று முடிவெடுக்க வேண்டி வந்தால் முதலில் தாய் அல்லது தகப்பன், அடுத்தது குடும்பத்தில் வயது வந்த வேறொருவர், அப்புறம் அதே சமூகத்தவர். சிறுவர் நலத்துக்குத் தங்கள் சொந்தச் சட்டத்தை இயற்றும் உரிமையையும் அது பூர்வகுடிச் சமூகங்களுக்கு உறுதிப்படுத்துகிறது. கியூபெக் மாகாண அரசு இந்தச் சட்டத்தைக் கேள்விக்குட்படுத்தியது. 2024 பெப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சட்டம் முழுவதும் செல்லும் என ஒருமனதாகச் சொன்னது.

"இதெல்லாம் தமிழ் வகுப்பில் எதற்கு?" என்று இரண்டு பெற்றோர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அந்த வதிவிடப் பள்ளிகளில் தாய்மொழி பேசியதற்காகப் பிள்ளைகள் அடிவாங்கினார்கள். அதே நாட்டில் நம் பிள்ளைகள் சனிக்கிழமை தோறும் அச்சமில்லாமல் 'அம்மா' என்று எழுதுகிறார்கள். இதை அவர்களிடம் சொல்லாமல் மொழியை மட்டும் கற்பிக்க எனக்கு மனம் வரவில்லை.

கதை கேட்டுப் பிள்ளை வீட்டில் பயந்தாலோ தூக்கம் கெட்டாலோ வகுப்பாசிரியரிடம் உடனே சொல்லுங்கள்.

செம்மஞ்சள் சட்டை அணியும் அந்தச் சனிக்கிழமை காலை 10 மணிக்கு, அந்த மாணவியின் கேள்விக்குப் பதிலாக வரும் சட்டப் பிரிவை வகுப்பில் தமிழில் வாசிக்கப் போகிறோம். அம்மம்மா, அப்பம்மா, தாத்தா யாரும் கூட வந்து உட்காரலாம்.

அன்புடன்,
அதிபர்