'அவனை ஏன் விட்டார்கள்?' யார் பதில் சொல்வது?

ஆசிரியருக்கு வணக்கம்.

இந்திய ஹாக்கி அணி அறிவிக்கப்படும்போதெல்லாம் எங்கள் ஊர் டீக்கடையில் சண்டைதான். 'இவனை ஏன் எடுத்தார்கள்' என்பதை விட, 'அவனை ஏன் விட்டார்கள்' என்பதற்கே குரல் அதிகம் உயரும்.

பயிற்சியாளர் மீது மட்டும் பழி போடுபவர்களுக்கு 1998 மறந்துவிட்டது. பாங்காக்கில் 32 ஆண்டுகளுக்குப் பிறகு ஆசியப் போட்டித் தங்கம் வென்றோம். கை தட்டல் அடங்குமுன் ஹாக்கி சம்மேளனம் கைவைத்தது: கேப்டன் தன்ராஜ் பிள்ளை உள்ளிட்ட மூத்த வீரர்கள் அணியில் இல்லை, பயிற்சியாளர் கௌசிக்கும் இல்லை! 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்குச் சில வாரங்களே இருக்கும்போது ஜெர்மனியின் ராக்கைப் பயிற்சியாளராகக் கொண்டுவந்தார்கள். அவருக்கு அணியைத் தெரிந்துகொள்ளவே நேரமில்லை. நான்காவது ஒலிம்பிக் ஆடிய தன்ராஜ் பெரும்பாலும் பெஞ்சில் இருந்தார். ஏழாம் இடம்தான் மிச்சம்.

பயிற்சியாளர்களும் யோக்கியர்கள் என்று சொல்லவில்லை. 2018 காமன்வெல்த்துக்குப் பயிற்சியாளர் மரைன் காலத்தில் முன்னாள் கேப்டன் சர்தார் சிங் கழற்றிவிடப்பட்டார், பதக்கமின்றித் திரும்பினோம். அவருக்குப் பதில் ஹரேந்திர சிங் பயிற்சியாளராக வந்ததும் அதே சர்தார் சாம்பியன்ஸ் டிராபியில் ஆடினார், வெள்ளி கிடைத்தது. (அதே மரைன்தான் டோக்கியோவில் பெண்கள் அணியை நான்காம் இடத்துக்கு உயர்த்தினார். ஆளை எடை போடுவது அவ்வளவு எளிதில்லை.)

வேகம் குறைந்ததா, காயமா, ஆட்டமுறைக்குப் பொருந்தவில்லையா? நீக்கப்படும் மூத்த வீரரிடம் முதலில் நேரில் சொல்லட்டும். பிறகு அணிப் பட்டியலோடு இரண்டு வரிக் காரணமும் இப்போதைய சம்மேளனமான ஹாக்கி இந்தியா வெளியிடட்டும்.

– பழைய லெஃப்ட் அவுட், கோவில்பட்டி